நரம்பு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தால்: பைட் அலாரம் பிரித்ததும் செய்ததும்

மீன் இரையைக் கடித்தால் மட்டும் கூவ வேண்டிய அந்தப் பழைய அலாரம் விடியற்காலை ஐந்து மணிக்குத் தானாகவே கூவ ஆரம்பிக்கும். எழுந்து ஓடிப் பார்த்தால் தூண்டில் நரம்பு அசைந்திருக்காது. பாபின் தொங்கின இடத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஏரியில் ஓர் அலை இருக்காது. விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தால் இரண்டு நிமிடத்தில் மறுபடியும் ஒரு பீப். மூன்று வார இறுதிகள் இப்படியே போயின. நான்காவது வாரம் ஏரிக்குப் போகவில்லை. அலாரத்தைச் சமையலறை மேசையில் பிரித்துப் போட்டேன்.

இதைப் படிக்கிற பலர் பைட் அலாரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் விளக்கம். நான் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங் பக்கம். இங்கே கெண்டை பிடிப்பவர்கள் பெரும்பாலும் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. ஈயக்குண்டோடு இரையை எழுபது எண்பது மீட்டர் தள்ளி எறிந்து, அது அடியில் போய் உட்கார்ந்ததும் கம்பை இரண்டு தாங்கிகளின் மேல் தரைக்கு இணையாகப் படுக்க வைத்துவிடுவார்கள். அப்புறம் காத்திருப்பு. சில மணி நேரமும் ஆகலாம், இரண்டு இரவும் ஆகலாம். கரையிலேயே சின்னக் கூடாரம், மடக்குக் கட்டில், டீ போட அடுப்பு. முன்பக்கத் தாங்கியின் தலைதான் அலாரம். அதன் மேல் ஒரு பள்ளம், பள்ளத்தில் நரம்பு. நரம்பு நகர்ந்தால் சத்தம். அலாரத்துக்கும் ரீலுக்கும் நடுவில் நரம்பிலிருந்து தொங்கும் சின்ன எடைதான் பாபின். மீன் விலகி ஓடினால் பாபின் மேலே ஏறும், கரையை நோக்கி வந்தால் கீழே இறங்கும். பிடித்த மீனை நனைத்த மெத்தையில் கிடத்தி, முள்ளை எடுத்து, எடை பார்த்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள்.

மீன் நமக்குப் பழக்கமானதுதான். நம் மீன் பண்ணைகளில் சாதா கெண்டை என்கிறார்களே, அதே இனம். 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்டதும் இந்த இனத்தின் ஒரு ரகத்தைத்தான்.

சரி, மேசைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஆறு பவுண்டுக்கு வாங்கிய அலாரம் அது. என் அனுபவக் குறையை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடக் கூடாது என்பதால் பெயர் வேண்டாம். சக்கர வகை. நரம்பு ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் ஓடும். சக்கரத்தின் அச்சு பெட்டிக்குள் நீண்டு, நுனியில் காற்றாடி மாதிரி மெல்லிய இலை. இலைக்கு ஒரு பக்கம் ஒளி விடும் எல்இடி, மறுபக்கம் ஒளியை உணரும் பாகம். நரம்பு நகர, இலை சுழல, ஒளி விட்டு விட்டு மறைய, ஒவ்வொரு மறைவுக்கும் ஒரு பீப்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் எந்தப் பாகமும் சாகவில்லை. மேசையில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன், ஒரு தவறான பீப் கூட இல்லை. அப்போதுதான் ஐந்து மணி என்ற நேரம் உறைத்தது. பனி இறங்கி முடிகிற நேரம். அலாரத்தை ஒரு பையில் போட்டு ஃப்ரிட்ஜில் இருபது நிமிடம் வைத்தேன். வெளியே எடுத்து, மூடியைக் கழற்றி, பக்கத்தில் கொதிக்கும் கெட்டிலை வைத்ததும் நாற்பது விநாடியில் கூவியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எல்இடியின் முகத்தில் ஊசிமுனை அளவு நீர்த்துளிகள், கண்ணாடியில் மூச்சு விட்டது போல. ஒளி மங்கி மங்கித் தெளிகிறது. மின்சுற்றுக்கு இலை சுழல்வதும் நீராவி படிவதும் ஒன்றுதான். இரண்டுமே ஒளி மறைவு.

மூடி சேரும் இடத்தில் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அதை மாற்றினேன். அச்சில் பழைய கிரீஸும் வண்டலும் சேர்ந்து பிசின் மாதிரி இறுகியிருந்ததை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். அலாரம் சரியாகிவிட்டது, இன்றும் ஓடுகிறது. ஆனால் மீட்டரைத் தொடரில் போட்டுப் பார்த்தபோது சும்மா இருக்கும்போதே 9 மில்லி ஆம்பியர் குடிப்பது தெரிந்தது. எல்இடி எரிந்துகொண்டே இருக்க வேண்டுமே. ஒன்பது வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. இரண்டே கால் நாள். இந்தக் கணக்குதான் புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லித் தூண்டியது.

செய்வதற்கு முன்னால் இதை முதலில் யோசித்தவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று பார்த்தேன். அதற்கு முன்பெல்லாம் ரொட்டி மாவைப் பிசைந்து நரம்பில் ஓர் உருண்டையாக ஒட்டிவிட்டு, அது மேலே போகிறதா என்று நிலா வெளிச்சத்தில் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக் காகிதத்தை மடித்து நரம்பில் மாட்டுவதும் உண்டு. எத்தனை இரவு ஒருவர் விழித்திருக்க முடியும்? 1950-களின் தொடக்கத்தில் இதற்கு மின்சாரத்தைக் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் வாக்கர். தொழிலால் பொறியாளர். கெண்டைக்கென்றே பிளந்த மூங்கிலில் கம்பு வடிவமைத்தவர், ஈயக்குண்டுக்குப் புது வடிவம் கொடுத்தவர். 1952 செப்டம்பர் 13 விடியற்காலை, ஹியர்ஃபோர்ட்ஷயரில் உள்ள ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். அந்த மீன் லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போய் 1971 வரை அங்கே வாழ்ந்தது. அவருடைய பிரிட்டிஷ் சாதனையை 1980-இல் கிறிஸ் யேட்ஸ் முறியடித்தார், அதுவும் அதே குளத்தில். வாக்கரின் எண்ணத்தில் பிறந்த அலாரம் ஹெரான் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

அந்த வகையை நானே ஒன்று செய்து பார்த்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். கிட்டார் கம்பி ஒன்று ஆன்டெனாவாக நிமிர்ந்து நிற்கும். நரம்பை அதற்குப் பின்னால் கொண்டுபோய் விட வேண்டும். மீன் இழுத்தால் நரம்பு இறுகிக் கம்பியைச் சாய்க்கும், கம்பியின் அடிப்பாகம் ஒரு திருகாணியின் நுனியைத் தொடும், சுற்று மூடும், பஸ்ஸர் அலறும். பெட்டியும் பேட்டரியும் ஒயர் வழியாகத் தள்ளி, தலைமாட்டில். திருகாணியைக் கால் சுற்று திருகினால் இடைவெளி குறையும், அதுதான் உணர்திறன். சிப் இல்லை, நிரல் இல்லை. சும்மா இருக்கும்போது ஒரு துளி மின்சாரம் செலவில்லை. இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஏரிக்குக் கொண்டுபோன முதல் மாலையே குறை தெரிந்தது. காற்று நரம்பை வில்லாக வளைத்ததும் கம்பி சாய்ந்து, சாய்ந்தபடியே நின்று, பஸ்ஸர் ஓயவில்லை. திருகாணியைத் தளர்த்தினால் காற்று போய்விடும், அதோடு மெல்லக் கொத்துகிற மீனும் போய்விடும். கரையை நோக்கி வரும் மீனைப் பற்றி இந்த அலாரம் வாயே திறக்காது. நரம்பு தளர்ந்தால் கம்பி நிமிரத்தானே செய்யும்.

அடுத்த பெரிய அடி ஆப்டானிக் என்ற அலாரம். 1970-களின் பிற்பகுதி. நான் சமையலறையில் பிரித்துப் போட்ட வகையின் மூலம் இதுதான்: நரம்பு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று பார்க்காமல், எவ்வளவு நகர்ந்தது என்று சக்கரத்தாலும் ஒளியாலும் எண்ணுவது. சத்தத்திலேயே வேகம் தெரிய ஆரம்பித்தது. ஒரு பீப் என்றால் தடவல், இடைவிடாத கீச்சு என்றால் ஓட்டம். ஏறக்குறைய அதே சமயத்தில் லென் மிடில்டனும் கெவின் மேடக்ஸும் இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் ஒரு முடியில் கோக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். முதலில் உண்மையான தலைமுடியே தான். மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் வாய்க்குள் போய்விடும். கனமான ஈயம் முள்ளைத் தைத்துவிட, மிரண்ட மீன் ஓடும். அதன் பிறகு அலாரத்தின் வேலையே மாறிப்போனது என்று நினைக்கிறேன். நொடிப்பொழுதில் கம்பைச் சுண்டி இழுக்கச் சொல்வதைவிட, தூங்குகிறவரை எழுப்புவது முக்கியமாகிவிட்டது.

1990-களில் டெல்கிம் நிறுவனத்தார் சக்கரத்தையே எடுத்துவிட்டார்கள். நரம்பு ஒரு தகட்டின் மேல் உரசிப் போகும்போது உண்டாகும் அதிர்வை பீசோ பாகம், அதாவது அதிர்வை மின்சாரமாக மாற்றும் தகடு, கேட்கும். ஆக மூன்று கேள்விகள்: நரம்பு இழுபடுகிறதா, நகர்கிறதா, அதிர்கிறதா. எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்கேற்ற பொய்தான் வரும். இழுப்பைக் கேட்டால் காற்று பொய் சொல்லும், அதிர்வைக் கேட்டால் மழை. பழைய வாழ்த்து அட்டையிலிருந்து பிய்த்த பீசோ தகட்டை ஒட்டி அதையும் முயன்றேன். தோட்டத்துக் குழாயிலிருந்து தெளித்த ஒவ்வொரு துளிக்கும் கூவியது. அதைப் பக்குவப்படுத்தும் திறமை எனக்கு இன்னும் வரவில்லை. சக்கரத்துக்கே திரும்பினேன், ஒளி இல்லாமல், காந்தத்தோடு.

முதலில் ஹால் சென்சார், அதாவது காந்தம் கிட்ட வருவதை உணரும் சின்னச் சிப். டப்பாவில் கிடந்த ஏ3144. இரண்டு பென்சில் பேட்டரி போட்டு ஒரு மாலை முழுக்கக் காந்தத்தை ஆட்டிக்கொண்டிருந்தேன், ஒன்றும் அசையவில்லை. அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும் என்பது தரவுத்தாளின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. மைக்ரோ ஆம்பியரில் ஓடும் புது ஹால் சென்சார்களும் உண்டு. ஆனால் அவை விநாடிக்கு ஐந்து தடவை, இருபது தடவை என்று கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குபவை. என் சக்கரத்தின் பள்ளம் 8 மி.மீ. விட்டம், சுற்றளவு 25 மி.மீ. மீன் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் சக்கரம் நாற்பது சுற்று சுற்றும். அந்தத் தூங்குமூஞ்சிக் கண்ணுக்கு அது நிற்கிறதா ஓடுகிறதா என்றே தெரியாது.

அதனால் ரீட் சுவிட்ச். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இரும்பு நாக்குகள். காந்தம் கிட்ட வந்தால் ஒட்டும், விலகினால் பிரியும். சும்மா இருக்கும்போது செலவு பூஜ்யம், பனிக்கும் பயமில்லை. ஆனால் பயல் மென்மையானவன். முதல் இரண்டைக் காலை வளைக்கும்போதே உடைத்தேன். வளைக்கிற விசை நேராகக் கண்ணாடியில் போய் இறங்கும். டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். மூக்குக் குறட்டால் கண்ணாடிக்கும் வளைக்கிற இடத்துக்கும் நடுவில் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மீதியை விரலால் மடக்க வேண்டும். குறடு அசையக் கூடாது. அப்படிச் செய்த பிறகு ஒன்றும் உடையவில்லை.

அச்சின் நுனியில் 6 மி.மீ. வட்டக் காந்தம். வட்டத்தின் ஒரு பாதி வடக்கு, மறுபாதி தெற்கு என்று விட்டம் வாக்கில் காந்தமேற்றியது. தட்டையான இரு முகங்களிலும் துருவம் உள்ள சாதாரண வட்டக் காந்தம் இங்கே வேலை செய்யாது. ரீட் சுவிட்சுக்கு வடக்கு தெற்கு வித்தியாசம் தெரியாததால் ஒரு சுற்றில் இரண்டு தடவை மூடித் திறக்கும். இரண்டு சுவிட்சுகளை 45 டிகிரி தள்ளி வைத்தால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். எது முந்துகிறது என்பதில் திசை வந்துவிடும். ஒரு சுற்றுக்கு எட்டு மாற்றங்கள், அதாவது எட்டு படிகள், 25 மி.மீ. வகுத்தல் எட்டு, மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காகிதத்தில் கோணமானி வரைந்து அச்சில் ஒட்டி, சுவிட்சுகளை அரை மில்லிமீட்டர் அப்படியும் இப்படியும் நகர்த்தி, மூடிய நேரமும் திறந்த நேரமும் சமமாக வரும்வரை இரண்டு மாலைகள் போயின.

மூளை ஏடிடைனி85 என்ற, நிரல் ஏற்றக்கூடிய சின்னச் சிப். சக்கரம் அசைந்தால் விழிக்கும், எண்ணும், பீசோவை ஒலிக்கும், திரும்பத் தூங்கும். மூன்று வோல்ட்டில் பீசோ முனகத்தான் செய்தது. அதன் ஒரு காலைத் தரையில் கட்டாமல், இரண்டு கால்களையும் சிப்பின் இரண்டு பின்களில் கொடுத்து ஒன்று மேலே போகும்போது மற்றதைக் கீழே இறக்கினேன். ஆட்டம் இரட்டிப்பானது, சத்தம் நன்றாகவே ஏறியது.

நவம்பரில் முடித்துக் கொட்டகையில் வைத்தவன் பிப்ரவரியில் எடுத்தேன். பேட்டரி செத்துக் கிடந்தது. சிஆர்2032 நாணயப் பேட்டரி, 220 மில்லி ஆம்பியர் மணி. சிப் தூங்கினால் வருடக்கணக்கில் வர வேண்டியது. யோசித்ததில் பிடிபட்டது: சக்கரம் நின்ற இடத்தில் இரண்டு ரீட் சுவிட்சுகளும் மூடியபடி நின்றுவிட்டன. சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை மேல் மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கச் சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் மின்தடை 20 முதல் 50 கிலோ ஓம். அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக, இரண்டு மாதத்தில் காலி. உள் மின்தடையை அணைத்துவிட்டு வெளியே ஒரு மெகா ஓம் வைத்தேன். சுவிட்சுக்கு 3 மைக்ரோ ஆம்பியர். ஆனால் மின்தடையைக் கூட்டினால் பலகையில் படியும் ஈரமே சுவிட்ச் மாதிரி நடிக்கத் தொடங்கிவிடும். பனியிலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவும் செய்தேன்! பலகையை ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்து, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, மூடியைச் சிலிகானால் அடைத்தேன். சிலிகான் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: வினிகர் வாடை அடிக்கிற குளியலறைச் சிலிகான் வேண்டாம். காயும்போது விடுகிற அமிலம் தாமிரத்தைப் பச்சையாக்கிவிடும். வாடையில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தாங்கியில் மாட்டும் மரையில் ஒரு நாள் வீணானது. பிரிட்டிஷ் மீன்பிடித் தாங்கிகளின் மரை 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. கேமரா முக்காலிக்கும் 3/8 தானே என்று அந்தப் பித்தளைக் குப்பியை வாங்கிப் பெட்டியில் ஒட்டினேன். இரண்டு சுற்று ஏறி இறுகிவிட்டது. முக்காலியில் 16 புரி.

சோதனை வீட்டு மாடிப்படியில். கைப்பிடிக் கம்பத்திலிருந்து கதவு வரை நான்கு மீட்டர் நரம்பு, நடுவில் அலாரம், பக்கவாட்டில் மேசை விசிறி. விசிறியை மூன்றில் வைத்தால் நரம்பு வளைந்து நிமிர்ந்து, சக்கரம் முன்னும் பின்னும் ஒரு படி இரண்டு படி ஆடும். பழைய அலாரம் இதற்கு ஓயாமல் கூவியது. என் நிரலில் முன் நகர்வைக் கூட்டி, பின் நகர்வைக் கழித்து, ஒரே திசையில் மூன்று படி மிச்சமிருந்தால் மட்டும் சத்தம். காற்று கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், மீன் எடுத்துக்கொள்ளாது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, அலாரம் அமைதியாக இருந்தது. விரலால் நரம்பை ஒரு சென்டிமீட்டர் இழுத்தேன். பீப். அந்த ஒரு பீப்புக்காக வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஏரியில் பக்கத்து இடத்தில் உட்காரும் பெரியவர், நாற்பது வருடமாக மீன் பிடிப்பவர், இதைக் கேட்டுவிட்டுத் தலையசைக்கவில்லை. அந்த ஒற்றைப் பீப்புகளையும் நான் கேட்க வேண்டும் என்றார். மீன் கூட்டம் இரைக்கு வந்து உடம்பு நரம்பில் உரசும்போது வருவதும் அந்தச் சின்ன ஆட்டம்தான். அதை அழித்துவிட்டால் ஏரியில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போய்விடும் என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். இப்போது ஒவ்வொரு படிக்கும் சிவப்பு எல்இடி சத்தமில்லாமல் ஒரு தடவை மின்னும். மீதி மூன்று படியானால்தான் குரல். விழித்திருக்கும்போது கண்ணால் படிக்கலாம், தூங்கும்போது காது பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்றும் ஏரியில்தான் தெரிந்தது. ஐந்து கிராம் பாபின் போட்டால் மீன் கரையை நோக்கி வரும்போது நரம்பு சக்கரத்தைத் திருப்பாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. இருபது கிராம் போட்ட பிறகே சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. விலகி ஓடினால் உயர்ந்த கீச்சு, கிட்ட வந்தால் தாழ்ந்த, நிதானமான ஒலி என்று இரண்டு குரல் வைத்திருந்தேன். தாழ்ந்த குரலை மாடிப்படியில் தவிர எங்கும் கேட்டதில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளி இரவு. மூன்று இருபதுக்கு அது கேட்டது. டூக், டூக், டூக். கனவு என்றுதான் நினைத்தேன். பாபின் தரையைத் தொட்டுக் கிடந்தது, நரம்பு தொய்ந்து புல்லில். பழைய அலாரமாக இருந்தால் பனி என்று திரும்பிப் படுத்திருப்பேன். ரீலைச் சுற்றினேன். இருபது முப்பது சுற்று வெறுமையாக வந்தது, அப்புறம் கம்பு வளைந்தது. வலைக்குள் வரப் பத்து நிமிடம் ஆனது. பதினான்கு பவுண்டு, முதுகோரம் மட்டும் பெரிய செதில்கள், வயிறு வெண்ணெய் நிறம். வாயோரத்தில் மருந்து தடவி, தலையைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துப் பிடித்தபோது இரண்டு மூச்சு நின்று, வாலால் என் சட்டை முழுக்க அடித்துவிட்டுப் போனது.

கையைத் துடைத்துக்கொண்டு அலாரத்தைப் பார்த்தேன். மேல் மூடி முழுக்கப் பனி, சக்கரத்தின் பள்ளத்தில் ஒரு துளி நிற்கிறது. விரலால் சக்கரத்தை மெல்ல உருட்டினேன், மூன்றாவது படியில் பீப். புது இரை கோத்து, அதே இடத்துக்கு எறிந்து, நரம்பைப் பள்ளத்தில் வைத்தேன்.